கார்பன் வண்டி இல்லாமல் பந்தயத்துக்குப் போகலாமா?

ஜனவரி 5, 2025 – கேள்வி (அம்பத்தூர் வாசகர் ஒருவர்)

வயது 27. ஒன்றரை வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். அலுமினிய வண்டி, பழையதாக 38,000 ரூபாய்க்கு வாங்கியது. ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து தனியாக மாமல்லபுரம் போய்த் திரும்புகிறேன். சராசரி வேகம் 29, நல்ல நாளில் 30. பிப்ரவரி 9 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் 40 கி.மீ. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாம் என்று போன வருடப் படங்களைப் பார்த்தேன். முன்வரிசை முழுக்க எடை குறைந்த, விலை உயர்ந்த கார்பன் இழை வண்டிகள். சென்னையில் இது காலால் ஓட்டும் பந்தயமல்ல, பர்ஸால் ஓட்டும் பந்தயம் என்று முடிவு கட்டிவிட்டேன். தவறென்றால் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 6

தவறு. பெயர் கொடுங்கள்.

நான் நான்கு வருடத்தில் ஆறு பந்தயம் ஓட்டியிருக்கிறேன். என் வண்டியும் அலுமினியம்தான். தண்ணீர்ப் புட்டியும் பம்ப்பும் சேர்த்து 10 கிலோவைத் தாண்டும். போன வருடம் நீங்கள் சொல்லும் இதே பந்தயத்தில், பஞ்சர் ஆகும் வரை முன்கூட்டத்தில் இருந்தேன். ஐந்து லட்சத்துக்குக் குறையாத வண்டியில் வந்த ஒரு பெரியவர், போகும்போதே முட்டுக்காடு பாலத்தில் பின்தங்கிவிட்டார். எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. இங்கே பொய் சொல்வானேன்.

எடையைப் பற்றிக் கவலைப்பட ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நேரம் இருக்கிறது. நம் சாலை தட்டை. இங்கே எதிரி காற்று. 30 கி.மீ. வேகத்திலிருந்து 36க்குப் போக, காற்றைப் பிளப்பதற்கு மட்டும் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதல் சக்தி வேண்டும். வேகம் கூடக் கூட அந்தக் கணக்கு முப்படியாக ஏறும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால், நீங்கள் காற்றோடு போராடும் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு அவர் தலையில் விழுகிறது. தனியாக 30 ஓட்டும் கால், கூட்டத்துக்குள் 34, 35 ஓட்டும். கார்பன் வாங்கினாலும் அந்த 4 கி.மீ. கிடைக்காது. பின்சக்கரம் இலவசம்.

ஜனவரி 6, இரவு

மேலே ஆறு என்று எழுதிவிட்டேன். ஐந்துதான். மீதி ஒன்று 200 கி.மீ. நெடுந்தூர ஓட்டம். அது பந்தயமே இல்லை.

ஜனவரி 8

அது ஏன் பந்தயமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி, 600க்கு 40 மணி. முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதை, தரவரிசை கிடையாது. இந்த வகை ஓட்டங்களின் திருவிழா, பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கி.மீ. நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும், அதிகபட்ச நேரம் 90 மணி. அதை முடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர்களில் சிலர் 40 கி.மீ. பந்தயத்தில் நின்றால் பதினைந்தாவது நிமிடத்தில் திணறுவதையும் பார்த்திருக்கிறேன்.

நானே அப்படித்தான் ஏமாந்தேன். 200 கி.மீ. முடித்த தெம்பில் முதல் பந்தயத்துக்குப் போனேன். அந்த 200இல் நான் கற்றது, எந்தக் கடையில் பஜ்ஜி சூடாக இருக்கும் என்பது. பந்தயத்தில் 40 வினாடி நெஞ்சு வெடிக்க மிதித்து, ஒரு நிமிடம் மூச்சு வாங்கி, மறுபடி 40 வினாடி மிதிக்க வேண்டும். எப்போது மிதிப்பது, எப்போது மூச்சு வாங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. முன்னால் இருப்பவன் முடிவு செய்வான். நீங்கள் தனியாக ஓட்டும் 30 சீரான 30. பந்தயத்தின் சராசரி 36 என்றால் அதற்குள் 28உம் உண்டு, 47உம் உண்டு.

அதனால் என் முதல் பதிலில் ஒரு திருத்தம். கூட்டத்தில் 34 ஓட்டலாம் என்றேன் அல்லவா? கூட்டம் ஒரே வேகத்தில் போனால் ஓட்டலாம். அது அப்படிப் போகாது.

ஜனவரி 11

இன்று காலை மடிப்பாக்கத்திலிருந்து கிளம்பி நெம்மேலி வரை போய் வந்தேன். பந்தயத்தில் திரும்ப வேண்டிய இடம் எங்கே வரும் என்று பார்க்கத்தான் போனேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலை நடுத்திட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது. போன வருடம் அங்கேதான் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார்கள்.

நம் ஊர்ப் பந்தயம் பெரும்பாலும் ஒரே சாலையில் போய்த் திரும்புவதுதான். சுற்றுப் பாதை கிடைக்காது. அத்தனை குறுக்குச் சாலைகளையும் யார் அடைத்துத் தருவார்கள்? ஆகவே ஒரு யூ திருப்பம் கட்டாயம் உண்டு. படத்தில் பார்க்க ஒன்றுமில்லை. எல்லோரும் மெதுவாகத் திரும்புகிறார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும்.

நாற்பது பேர் 38 கி.மீ. வேகத்தில் வருகிறார்கள். முதல் ஆள் 15க்குக் குறைத்துத் திரும்புகிறார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. தன் விருப்பப்படி வளைகிறார், எழுந்து நின்று மிதிக்கிறார். பத்தாவது ஆள் 12க்கு வருகிறார். முப்பதாவது ஆள் கிட்டத்தட்ட நிற்கிறார். ஒரு கால் பெடலிலிருந்து கழன்றுவிடும் நிலை. அவர் கூம்பைச் சுற்றி வெளியே வருவதற்குள் முதல் ஆள் நூறு மீட்டருக்கு மேல் போய், பழைய வேகத்தையும் பிடித்துவிட்டார். இப்போது முப்பதாவது ஆள் 8 கி.மீ. வேகத்திலிருந்து தொடங்கி, முதல் ஆளைவிட வேகமாகப் போனால்தான் கூட்டத்தோடு ஒட்ட முடியும். அதுவும் முழுக் காற்றில், தனியாக.

தவறான கியரில் திரும்பினால் முடிந்தது கதை. நான் ஒருமுறை முன்பல் 50, பின்பல் 13இல் (மிதியோடு சுழலும் பற்சக்கரத்தில் 50 பல், பின்சக்கரத்துப் பற்சக்கரத்தில் 13 பல்; கனத்த கியர்) திரும்பினேன். மிதியை அழுத்துகிறேன், வண்டி ஊர்ந்து போகிறது, மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியது போல. பக்கத்தில் ஒரு பையன் சின்னக் கியரில் கடகடவென்று மிதித்துக்கொண்டு போயே போய்விட்டான். திருப்பத்துக்கு முந்தைய ஐம்பது மீட்டரில், பிரேக் பிடிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். நின்றபின் குறைத்தால் செயின் கேட்காது.

முதல் பத்துப் பேரில் இருங்கள். திருப்பத்துக்கு இரண்டு கி.மீ. முன்பே அங்கே போய்விடுங்கள். எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் அந்த இரண்டு கி.மீ.யில்தான் முழங்கை இடிபடும்.

ஜனவரி 13, போகி

காலை ஐந்தரைக்குக் கிளம்பி வேளச்சேரி தாண்டுவதற்குள் திரும்பிவிட்டேன். பனியும் புகையும் சேர்ந்து, பத்தடி தூரத்தில் நிற்கும் ஆட்டோ தெரியவில்லை. பழையன கழிதலில் என் நுரையீரலும் சேராமல் தப்பித்தது. நாளை பொங்கல், மறுநாள் மாட்டுப் பொங்கல், அதற்கடுத்த காணும் பொங்கலன்று கடற்கரைச் சாலைப் பக்கம் சைக்கிளோடு தலை வைத்துப் படுக்காதீர்கள். வேன்கள், கரும்பு, குழந்தைகள்.

ஜனவரி 17

நான் போனேன். காணும் பொங்கலன்றே. வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு நான் போனேன். கோவளம் சந்திப்பில் இருபது நிமிடம் நின்றேன். அது வேறு கதை.

காற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். இந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். மாமல்லபுரம் போகும்போது முதுகைத் தள்ளும், எல்லோரும் வீரர்கள். 'இன்று 36 சராசரி' என்று அங்கே இளநீர்க் கடையில் நின்று பேசுவார்கள். திரும்பும்போது பேச்சே இருக்காது.

திரும்பும் வழியில் முட்டுக்காட்டைக் கவனியுங்கள். இருபுறமும் மறைப்பில்லை, வலப்பக்கம் கடல், இடப்பக்கம் கழிமுகம். காற்று முன்-வலப் பக்கத்திலிருந்து சாய்வாக வருகிறது. அப்படியானால் முன்னவருக்கு நேர் பின்னால் மறைவு கிடைக்காது. அவருக்குப் பின்னால் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்ந்தால்தான் கிடைக்கும். உங்களுக்குப் பின்னால் வருபவர் இன்னும் இடப்பக்கம். இப்படியே வரிசை சாய்ந்துகொண்டே போகும். சாலைக்கு அகலம் உண்டல்லவா? ஏழெட்டுப் பேருக்குமேல் இடம் முடிந்துவிடும். ஒன்பதாவது ஆள் வெள்ளைக் கோட்டின்மேல் வருவார். அதற்கப்பால் மணல், உடைந்த கண்ணாடி, செருப்பு. ஒன்பதாவது ஆளுக்கு அங்கே மறைவும் இல்லை, ஒதுங்க வழியும் இல்லை. முன்னால் யாரோ அரை கி.மீ. வேகத்தைக் கூட்டினால் போதும், நூல் அறுந்ததுபோல் அவரிடமிருந்து கூட்டம் விட்டுப்போகும்.

ஜனவரி 18

பெசன்ட் நகர்க்காரர் ஒருவர் சொல்வது சரி. விடிகாலையில் வீசுவது தரைக்காற்று, மேற்கிலிருந்து மெலிதாக வரும்; வெயில் ஏறி எட்டு, எட்டரை ஆன பிறகுதான் கடல் பக்கத்துக் காற்று பலப்படும். ஆறேகாலுக்குத் தொடங்கும் 40 கி.மீ. பந்தயம் ஏழரைக்குள் முடிந்துவிடுமே, முட்டுக்காட்டில் உங்களுக்கு ஏது அந்தக் காற்று என்று கேட்கிறார்.

சரியான கேள்வி. போன வருடம் ஆறேகாலுக்குத் தொடங்கவில்லை. கொடியசைக்க வேண்டிய விருந்தினர் வர 50 நிமிடம் தாமதம். இருநூறு பேர், ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெடலிலுமாக, காலைக்கடன் அவசரத்தில் தவிப்பவர்களைப் போல நின்றிருந்தோம். கொண்டுவந்த தண்ணீரில் பாதி அங்கேயே தீர்ந்தது. நாங்கள் திரும்பி முட்டுக்காடு வரும்போது காற்று எழுந்துவிட்டது. பந்தயத்தை முடிவு செய்தது யார் என்று பார்த்தால் அந்த விருந்தினர்தான்.

ஜனவரி 19

பெசன்ட் நகர்க்காரர் கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தார்: 'முட்டுக்காட்டில் நீங்கள் எத்தனையாவது ஆள்? உங்களுக்குப் பஞ்சர் கோவளத்திலேயே ஆனதாக வேறோர் இடத்தில் எழுதியிருந்தீர்களே?' திரும்பும் வழியில் கோவளம் முதலில், முட்டுக்காடு பிறகு. பஞ்சரோடு நின்றவன் முட்டுக்காட்டின் வரிசையை எங்கிருந்து பார்த்தான்?

பார்க்கவில்லை. அந்த வெள்ளைக் கோட்டு அனுபவம் அதற்கு முந்தைய வருடத்துடையது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிட்டேன்.

இதை ஒப்புக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். நேற்று இரவு செயலியில் பழைய பதிவைத் திறந்து வேகக் கோட்டைப் பார்த்தேன். நெம்மேலித் திருப்பம் வரை 37, 38. திருப்பத்தில் 9. அதன்பின் 41 வரை ஏறுகிறது, ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறது, 35, 32, 29. பிறகு கோவளம் வரை 27, 28. அங்கே பூஜ்யம்.

அதாவது பஞ்சர் ஆவதற்கு ஏழெட்டு கி.மீ. முன்பே நான் கழன்றுவிட்டேன். முப்பதாவது ஆள் என்று 11ஆம் தேதி எழுதினேனே, அது நான்தான். திரும்பி வெளியே வந்தபோது கூட்டத்தின் கடைசிச் சக்கரம் தெரிந்தது. நூறு மீட்டர் எண்பதாயிற்று, அறுபதாயிற்று. அவர்களின் சங்கிலிச் சத்தம்கூடக் கேட்டதாக நினைவு. அறுபதிலேயே நின்றது. பிறகு எண்பது. பிறகு அவர்கள் ஒரு வண்ணப் புள்ளி.

கோவளம் அருகே பின்டயர் தளர்ந்து, சக்கரம் இடமும் வலமும் வழுக்குவதை உணர்ந்தேனே, அப்போது எனக்கு வந்தது ஆறுதல். இறங்கி நின்று டயரைத் தடவிப் பார்த்தேன். லாரி டயர் வெடித்துச் சிதறும்போது விழும் மெல்லிய எஃகுக் கம்பி, ஒரு சென்டிமீட்டர்கூட இராது, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். நகத்தால் பிடுங்கினேன். வழக்கமாக அதைத் தூர எறிவோம். நான் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் காட்டினேன். மைத்துனரிடம் காட்டினேன். 'இது மட்டும் இல்லையென்றால்' என்று சொல்வதற்குக் கையில் சாட்சி இருந்தது. ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே உண்மையாகிவிட்டது.

இன்னொன்றும் பாக்கி. டியூப் மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த ஐந்து லட்ச ரூபாய்ப் பெரியவர் வந்தார். மெதுவாகத்தான், ஆனால் சீராக. என்னைக் கண்டதும் இறங்கி, 'பம்ப் இருக்கிறதா தம்பி?' என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இருந்தும் கொஞ்ச நேரம் நின்று, என் வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் எனக்கு முன்னால் முடித்தார். முதல் பதிலில் அவரைப் பற்றி எழுதியதை அழிக்க வழியில்லை.

ஜனவரி 22

இனி பணத்தைப் பற்றி ஒழுங்காகப் பேசுவோம். காசு எதற்கும் ஆகாது என்று முதலில் அடித்துப் பேசினேன். முழு உண்மையல்ல.

டயர். வண்டியோடு வந்த கனத்த டயரை மாற்றி 28 மி.மீ. அகலத்தில் நல்ல டயர் போடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு உங்களுக்கு வலிக்கும், ஆனால் காசுக்கேற்ற பலன் உடனே காலில் தெரியும். அடுத்து, உங்கள் உடம்புக்கு ஏற்ற வண்டிச் சட்ட (ஃபிரேம்) அளவு. அடுத்தவர் வண்டியைப் பழையதாக வாங்குபவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். சக்கரம் அதற்கப்புறம். சட்டம் கடைசி. சர்வதேச விதிப்படி பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பதால், உலகின் மிகப் பெரிய வீரர்களே அதற்குக் கீழே போக முடியாது. என் 10 கிலோ வண்டிக்கும் அதற்கும் இடையே உள்ள மூன்று கிலோவை நம்மில் பலர் இடுப்பிலிருந்து எடுக்கலாம். நான் உட்பட.

கியர் எண்ணிக்கையையும் மறந்துவிடுங்கள். முன்பல் 50, பின்பல் 11 என்றால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சுமார் ஒன்பதரை மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 51 கி.மீ. வேகம். தனி ஆளாக ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓடிய ஃபிலிப்போ கன்னாவுக்கு அது போதாது. உங்களுக்கும் எனக்கும் தாராளம்.

இதில் நான் பெரிதும் மதிக்கும் விதி நம் அரசாங்கத்துடையது. அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் மிதிவண்டிப் போட்டியில், இந்தியாவில் செய்த சாதாரண வண்டியைத்தான் ஓட்ட வேண்டும், கியர் கூடாது. 17 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 20 கி.மீ. சில வருடங்களுக்கு முன் என் அக்கா மகன் ஓடினான். முன்பல் 44, பின்பல் 18 உள்ள வண்டி. 90 சுற்று மிதித்தால் 29 கி.மீ.தான் வரும். அதற்குமேல் வேண்டுமென்றால் காலைச் சுழற்றுவதைத் தவிர வழியில்லை. அந்தப் பையன்கள் சுழற்றிய சுழற்றலை நான் எந்தக் கார்பன் கூட்டத்திலும் பார்த்ததில்லை. பிரான்ஸைச் சுற்றும் பந்தயத்திலேயே 1937 வரை கியர் மாற்றும் கருவிக்கு இடமில்லை. நீங்களோ அம்பத்தூர்க்காரர், 1950களிலிருந்து நாட்டுக்கே சைக்கிள் செய்து கொடுத்த ஊர். உங்களுக்கு நான் என்ன சொல்ல.

(எங்கள் பகுதிப் பஞ்சர் கடை பாய், என் டியூபின் மெல்லிய வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது எந்த ஆஸ்பத்திரி ஊசி?' என்று கேட்டார். மாற்று டியூபை உங்கள் பையிலேயே வைத்திருங்கள். சாலையோரம் கிடைக்காது.)

ஜனவரி 26

சாப்பாடு. பந்தயத்தன்று காலையில் புதிதாக எதையும் முயலாதீர்கள். முதல் வருடம், சக்தி வேண்டும் என்று நாலு மணிக்கு நெய்ப் பொங்கல் சாப்பிட்டேன். மிளகு முழுதாக உத்தண்டியில் மேலே வந்தது. இப்போது இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் காபி, கையில் ஒரு கடலை மிட்டாய். பிப்ரவரிக் குளிர் என்று ஏமாற வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் வியர்வை காயாது, வழியும். ஓட்டி முடித்தபின் கறுப்பு உடையில் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் தலைதான் சுற்றும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும்: லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பிப்ரவரி 2

அம்பத்தூர்க்காரர் இன்று நேரில் வந்தார். திருவான்மியூரில் ஐந்தரைக்கு ஏழு பேர் சேர்ந்தோம். என்னை 'சார்' என்று கூப்பிட்டார். முட்டுக்காட்டுக்குள் 'அண்ணா' ஆனது.

இவருக்குக் கால் இருக்கிறது. கண்தான் பழகவில்லை. முன்னவரின் பின்சக்கரத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறார். அதைப் பார்த்தால், அது நெருங்கும்போதுதான் தெரியும். உடனே பிரேக்கைத் தொடுவார். பின்னால் வருபவர்கள் எல்லோரும் தொடுவார்கள். முன்னவரின் இடுப்பைப் பாருங்கள், அதையும் தாண்டி அவருக்கு முன்னால் இருப்பவரின் தோளைப் பாருங்கள் என்றேன். முதலில் நான்கடி இடைவெளி விட்டார், திரும்பும்போது ஒன்றரை அடி. முன்னவர் வலக்கையைப் பின்னால் கொண்டுபோய் விரலால் தரையைக் காட்டினால் பள்ளம் என்று அர்த்தம், அதை அப்படியே பின்னால் கடத்த வேண்டும் என்பதும் அவருக்குப் புதிது. ஒன்றரை வருடமாகத் தனியாகவே ஓட்டியவருக்கு யாரிடம் கைகாட்டப் பழக்கம் வரும்?

வடநெம்மேலி அருகே அவருக்குப் பஞ்சர். மாற்று டியூப் இல்லை. ஜனவரி 22ஆம் தேதிக் குறிப்பைப் படித்தீர்களா என்று கேட்டேன். 'அடைப்புக்குறிக்குள் இருந்ததால் விட்டுவிட்டேன் அண்ணா' என்றார். என்னுடையதைக் கொடுத்தேன்.

பிப்ரவரி 9, பகல்

குளித்துவிட்டு எழுதுகிறேன், முழங்கால் நடுங்குகிறது.

இந்த முறை கொடியசைக்க வந்தவர் ஆறு மணிக்கே வந்து நின்றார். சொன்ன நேரத்தில் தொடங்கிவிட்டார்கள். அதனால் முட்டுக்காட்டில் காற்றே இல்லை; கழிமுகத்தில் படகுகூட அசையவில்லை. ஜனவரி 17 அன்று நான் எழுதிய அவ்வளவும் தண்டம். பெசன்ட் நகர்க்காரர் எல்லைக்கோட்டருகே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திருப்பம். அம்பத்தூர்க்காரர் ஒரு கி.மீ. முன்பே நழுவி நழுவி ஏழாவதோ எட்டாவதோ ஆளாகப் போய்விட்டார். அவர் முதுகைத்தான் பார்த்தேன். எனக்குத் தெரியும், எழுதியும் இருக்கிறேன், ஆனாலும் முழங்கைகள் நெருங்கியதும் ஒதுங்கி வழிவிட்டேன். 44 வயது, வீட்டில் கடன் தவணை, தோள்பட்டை எலும்பு ஞாபகம். இருபத்தைந்தாவது ஆளாகத் திரும்பினேன். கியர் மட்டும் சரியாக இருந்தது.

வெளியே வந்தபோது அதே காட்சி. முன்னால் எழுபது எண்பது மீட்டர் வெற்றுச் சாலை, அதற்கப்பால் கூட்டம். எழுந்து மிதித்தேன். அறுபது. வயிற்றுக்குள் தெரிந்துவிட்டது, அறுபதில் நிற்கப் போகிறது என்று. அப்போது வலப்பக்கம் ஒரு நிழல். ஐந்து லட்சம்! அந்தப் பெரியவர். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு முன்னால் வந்து, தலையைத் தாழ்த்தி, மிதிக்கத் தொடங்கினார். நான் அவர் பின்சக்கரத்தில். இரண்டு முறை தன் கக்கத்தின் வழியாகத் திரும்பிப் பார்த்தார், நான் இருக்கிறேனா என்று. இரண்டாவது முறை பார்த்தபோது அவர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். நான் அரையடி நழுவியிருந்தேன். முக்கால் கி.மீ. இருக்கும். கூட்டத்தின் கடைசிச் சக்கரத்தில் என்னைச் சேர்த்துவிட்டு ஒதுங்கினார். அவரும் ஒட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் ஏற்கெனவே சின்ன உருவம்.

கடைசி 300 மீட்டரில் எல்லோரும் எழுந்து பறந்தபோது நான் எழவில்லை. முன்னால் இரண்டு பேரின் ஹேண்டில்பார் உரசிய சத்தம் கேட்டது. விரல் தானாகப் பிரேக்கைத் தொட்டது. 23ஆவது. முன்கூட்டத்தோடு முடித்தது வாழ்க்கையில் முதல் முறை. அம்பத்தூர்க்காரர் 9ஆவது, 38,000 ரூபாய் வண்டியில்.

பெரியவருக்காகக் காத்திருந்து நன்றி சொன்னேன். அவருக்கு வயது 61 என்று அப்போதுதான் தெரிந்தது. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஆசைப்பட்டு வாங்கிய வண்டியாம். 'வீட்டில் விலையைப் பாதியாகத்தான் சொல்லியிருக்கிறேன் தம்பி, நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றார். அதனால்தான் இங்கே எழுதும் ஐந்து லட்சம் என் ஊகம் என்று பதிவு செய்கிறேன்.

அந்தக் கம்பி இன்னும் பர்ஸில் இருக்கிறது. சில்லறை எடுக்கும்போது விரலில் குத்துகிறது.

பிப்ரவரி 10

காலையில் அம்பத்தூர்க்காரரின் செய்தி: 'அண்ணா, பழைய கார்பன் வண்டி ஒன்று ஒரு லட்சத்து பத்தாயிரத்துக்கு வருகிறது. இன்னும் இரண்டு இடம் முன்னால் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. வாங்கலாமா?'

ஜனவரி 5ஆம் தேதி கேட்ட அதே ஆள்.

சட்ட அளவு என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள். 54 என்றால் நீங்கள் வாங்க வேண்டாம், உங்களுக்குச் சின்னது. விற்பவரின் எண்ணை எனக்கு அனுப்புங்கள். எப்படியானாலும் என் டியூபை முதலில் திருப்பித் தாருங்கள்.